வாரத்துக்கு ஐந்து டிகிரி

மதிப்புக்குரிய மிஸ் ப்ரூவிட்,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது காபிக்குப் பால் இல்லாமல் போனதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். பனி விழுந்தால் எங்கள் ஊர்க் கடைக்கு லாரி வராது. கான்சஸின் இந்த மேற்குக் கோடியில் அது வழக்கம்தான்.

நீங்கள் கேட்டதற்கு அன்று வாயால் பதில் சொல்ல வரவில்லை. எனக்கு எழுதித்தான் பழக்கம். இருபத்தாறு வருடமாக மாவட்ட அலுவலகத்தில் நிலப்பத்திரங்களைப் பதிவு செய்கிறேன். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

என் மகன் டாசன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டக்காரன். ஓடுகிற ஓட்டத்தில் ஒரே காலை ஊன்றிச் சடாரென்று திசை திரும்புவான். மறிக்க வந்தவன் வெறும் புல்லைக் கட்டிக்கொண்டு விழுவான். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் வருடாந்தரத் தேர்வில் முதல் சுற்றிலேயே, பெரிய சம்பளத்துக்கு, எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அப்போதுதான் உங்கள் நிறுவனத்தில் காப்பீடு எடுத்தோம். உங்கள் முகவர் இரண்டு வகை சொன்னார். காயத்தால் மதிப்புக் குறைந்து கடைசிச் சுற்றுகளில் போனால், குறைந்த வருமானத்தை ஈடுகட்டுவது ஒன்று. இனி ஆடவே முடியாது என்றானால் மட்டும் கிடைப்பது இன்னொன்று. முதலாவதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னவன் நான். கையெழுத்துப் போட்டது டாசன். அவன் அந்தத் தாளைப் படிக்கவில்லை. நான் நீட்டிய எதையும் அவன் படித்துப் பார்த்ததில்லை.

நவம்பரில், கடைசி ஆட்டத்தில், எதிரணிக்காரன் ஒருவனுடைய ஹெல்மெட் டாசனின் முழங்காலில் பக்கவாட்டில் இறங்கியது. தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஒன்பது மாதத்தில் ஓடுவான், ஆனால் பழைய வேகம் வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அதன் பொருளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கடைசிச் சுற்றில் யாராவது எடுப்பார்கள். ஆகஸ்ட்டில் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஆட முடிகிறவன் என்பதால் உங்களிடமிருந்தும் ஒன்றும் வராது. நானும் கல்லூரி அணியில் ஆடியவன்தான்; என்னையும் இரண்டாம் வருடத்தில் அப்படித்தான் கைகுலுக்கி அனுப்பினார்கள். அன்று போன முழங்கால் எனக்கு இருபத்தெட்டு வருடம் மடங்கவில்லை.

டிசம்பரில் படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தான். அறுவைக்குப் பிறகு காலைப் பழக்கும் பயிற்சி மையம் இருநூறு மைல் தள்ளி இருந்ததால் தினமும் செய்ய வேண்டியதை ஒரு தாளில் அச்சிட்டு எனக்கு அனுப்பினார்கள். மூன்று வேளையும் குதிகாலுக்கடியில் துண்டை மடித்து வைத்து முட்டியை அழுத்தி நீட்ட வேண்டும். வாரைப் போட்டு இழுத்து, வலி தாங்கும் வரை மடக்க வேண்டும். முதல் வாரங்களில் இதைச் செய்யாவிட்டால் உள்ளே தழும்பு கட்டி மூட்டு இறுகிவிடும் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது.

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து இன்னொரு தாள் தயாரித்தேன். எழுத்துருகூட அதேதான். அசைக்க வேண்டாம், காலைப் பிடித்திருக்கும் பட்டையைப் பூட்டியே வைக்கவும் என்று அதில் இருந்தது.

கல்லூரி ஆட்டக்காரர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எப்போது எழ வேண்டும், எத்தனை முட்டை தின்ன வேண்டும், எல்லாம் தாளில் வரும். தாளில் இருப்பதைச் செய்வார்கள். டாசனும் செய்தான். ஒரே ஒரு முறைதான் கேட்டான்.

"அப்பா, எங்க டீம் ரிக்கிக்கு ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் நாளே காலை மடக்க வெச்சாங்களாம். என்னை என்ன, அடைகாக்கிற கோழி மாதிரி உக்கார வெச்சிருக்கீங்க?"

"ரிக்கி நாலு வருஷம் பெஞ்சு தேய்ச்சவன்டா. அவன் காலும் உன் காலும் ஒண்ணா?"

சிரித்துவிட்டான். மார்லாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "டாரல், பையன் கால் பலகை மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்."

"ரோடு பூரா ஐஸ், மார்லா. தாள்ல இருக்கறபடிதான செய்றோம்?"

அவள் என் மனைவி. அவளும் தாளை நம்பினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் மடங்கும் அளவைப் பயிற்சி மையத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். எழுபது டிகிரி, எழுபத்தைந்து, எண்பது என்று பத்து வாரமும் தவறாமல் அனுப்பினேன். மார்ச்சில் மருத்துவர் பார்த்தபோது மூட்டு நாற்பதில் நின்றது. திடீரென்று வீங்கி இறுகிவிட்டது என்றேன். சிலர் உடம்பு வாகு அப்படி என்று சொல்லி, மறுபடி திறந்து தழும்பை வெட்டினார். வீட்டுக்கு வந்தோம். மறுபடியும் தாள் தயாரித்தேன். மூட்டு திரும்பவும் இறுகி, இனி ஆடவே முடியாது என்று மருத்துவர் எழுதித் தந்ததும் உங்களிடம் காப்பீட்டுப் பணம் கேட்டோம்.

நீங்கள் கண்டுபிடித்தது என் பொய்யை அல்ல, என் ஒழுங்கை. "நிஜமான முட்டி ஒரு வாரம் எட்டு ஏறும், அடுத்த வாரம் ரெண்டு இறங்கும், மிஸ்டர் வீகல். வாரா வாரம் அஞ்சு அஞ்சா ஏறின முட்டியை நான் பார்த்ததே இல்லை" என்றீர்கள். நியாயம்தான். எனக்குக் கோணலாக எழுத வராது.

ஆகவே எழுதித் தருகிறேன்: என் மகனுடைய முழங்காலை முடமாக்கியது நான். கை ஓங்கவில்லை, வலிக்கவும் விடவில்லை. டாசனுக்கு இதில் பங்கில்லை. இன்றுவரை தன் உடம்பு வாகையே திட்டிக்கொண்டிருக்கிறான். அவன் குற்றமற்றவன் என்பதால் அவனுக்குரியதைக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் செய்ததெல்லாம் அவனுக்காகத்தான்.

நீங்கள் கேட்ட அசல் தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஓரம் கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். வீணாகக் கிடக்க வேண்டாமே என்று அதில் சொன்னபடி மூன்று வேளையும் என் பழைய முழங்காலுக்கு நான் செய்துவருகிறேன். இப்போதெல்லாம் மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறுகிறேன். டாசன் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறி வரும்வரை, மேலே நின்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டாரல் வீகல்