அரிசி டின்னில் நாலு பேட்டரி

“பேட்டரி நாலையும் அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன் அக்கா.”

புயல் வருகிறது என்று சொல்லியிருந்த நாள். தாம்பரம் போகும் மின்சார ரயிலில், மெழுகுவத்திக் கட்டும் ரொட்டியுமாக நின்ற டீச்சர் ஒருத்தி தன் தோழியிடம் சொன்னாள்.

“யாருக்குப் பயந்து, ஸ்டெல்லா? திருடனா?”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான், மும்தாஜ் அக்கா. டிரான்சிஸ்டர்ல கிரிக்கெட் கேட்டே தீர்த்துடுவார். போன வருஷம், நீங்க பக்கத்து வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, புயல் அன்னிக்கு ரேடியோ ஊமையாயிடுச்சு. எச்சரிக்கை எதுவும் தெரியல. வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்புறம்தான் முழிச்சோம். பாப்பாவை மேஜை மேல தூக்கி உட்கார வச்சேன்.”

“அவரு இன்னா பண்ணாரு?”

“ஸ்கோர் தெரியாமப் போச்சேன்னார்.”

மும்தாஜ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்து, அவசரத்துல அரிசியோட அதையும் உலையில போட்டுறாத.”

ஸ்டெல்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தாம்பரம் வந்தது. இறங்கும்போது மும்தாஜ் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வூட்ல ரேடியோ இல்ல. ராத்திரி கொஞ்சம் சத்தமா வை. சொவத்துக்கு இந்தாண்ட நாங்களும் முழிச்சிக்கினுதான் இருப்போம்.”