கொண்டுவந்து வைக்கிற கள்ளன்

நசீறா: ...விசிலை ஊதிப்போடாதீங்கோ அக்கா. அது கழுதை.

அருளம்மா: கழுதையெண்டு எப்பிடித் தெரியும்? ஒரே பனிப்புகாராக் கிடக்கு.

நசீறா: கள்ளன் தும்முவானோ? கேளுங்கோ...

அருளம்மா: ...ஓம். கழுதைதான்.

நசீறா: போன கிழமை நீங்க ஒரு கழுதைக்கு ஊதின ஊதலில ஒழுங்கை முழுக்க எழும்பினது. கொன்ஸ்ரன்ரைன் அண்ணை சாரத்தை ஒரு கையில, பொல்லை ஒரு கையில பிடிச்சுக்கொண்டு...

அருளம்மா: கதைக்காதையுங்கோ. சிரிச்சா எனக்கு இடுப்புப் பிடிக்குது.

நசீறா: இடுப்போ?

அருளம்மா: கிணத்தில அள்ளினது... உங்களுக்கு?

நசீறா: எனக்கு வயசு. உங்களிலயும் நோவெண்ணெய் மணக்குது, என்னிலயும் மணக்குது. கள்ளன் மணத்திலயே திரும்பி ஓடிடுவான்.

அருளம்மா: ஆம்பிளையள் கடலுக்குப் போக, பொழுது ஏறுமட்டும் ஊரைக் காக்கிறது இடுப்பொடிஞ்ச ரெண்டு பேர். நல்ல விழிப்புக் குழு.

நசீறா: கூட்டத்தில எழும்பி நிண்டது நீங்கதானே. வேதக்காரரில ஒராள், இஸ்லாத்தில ஒராள், சோடியா நிக்கட்டும் எண்டு.

அருளம்மா: காமிலின்ர வலை களவு போன சூட்டில சொன்னது. இப்பிடி ஒரு கள்ளன் வருவான் எண்டு ஆர் கண்டது...

நசீறா: எடுக்காத கள்ளன்.

அருளம்மா: ம்.

நசீறா: கொண்டுவந்து வைக்கிற கள்ளன். புத்தளத்தில இருபது வருசம் அகதியா இருந்தனான் அக்கா. கோழிக் கள்ளன் கண்டனான், விறகுக் கள்ளன் கண்டனான். இப்பிடி ஒண்டைக் காணேல்ல. முதல்ல என்ர வாசலில குர்ஆன் வைக்கிற பலகை. பிறகு என்னோட திரும்பி வந்த ஸரீனாட வாசலில செம்புக்குடம். பிறகு எனக்கு ஒரு அம்மி...

அருளம்மா: விடுங்கோ அதை. அந்தா, பூநாரை.

நசீறா: எங்க?

அருளம்மா: பாலத்துப் பக்கம், புகார் விலகின இடத்தில. அந்தச் சிவப்புத் துண்டு... அசையுது பாருங்கோ.

நசீறா: அது முகில்.

அருளம்மா: முகில் கத்துமோ?

நசீறா: ...ஓம், கத்துது. எவ்வளவு தூரத்தில... நித்திரைக்குள்ள கேக்கிற மாதிரி.

அருளம்மா: எனக்கு இந்த நேரம் நித்திரையும் முழிப்பும் ஒண்டுதான்.

நசீறா: புத்தளத்தில எனக்கு ஒரே கனவு. கடலுக்கு நடுவில ஒரு கதவு நிக்குது. வீடில்ல, சுவரில்ல. கதவு மட்டும். நான் தட்டுறன்.

அருளம்மா: ஆரும் திறந்ததோ?

நசீறா: தட்டின உடன முழிப்பு வந்திடும்.

அருளம்மா: ...இந்தியாவில, மண்டபம் அகதிக் காம்பில நான் கனவே காணேல்ல. இஞ்ச வந்துதான். என்ர பஸ்தியாம்பிள்ளை அண்ணன் செத்து, அவற்ற வீட்டுக்கு நான் வந்த நாளில இருந்து. அந்தப் பின்னறை இருக்கெல்லோ...

நசீறா: ஓம்?

அருளம்மா: அதுக்குள்ள கிடந்த சாமானெல்லாம் எழும்பி, வரிசையா வாசலுக்கு நடந்து வருகுதுகள். எங்க போறீங்கள் எண்டு கேக்கிறன். வீட்டுக்கு எண்டுதுகள்.

நசீறா: என்ன சாமான்?

அருளம்மா: ...பழசு. கனவுதானே.

நசீறா: ம். கனவுதானே.

அருளம்மா: தட்டுறது எண்ட உடன ஞாபகம் வருது. என்னை எழுப்ப வரேக்க, ஒருக்காத் தட்டிப்போட்டு ஏன் பேசாமல் நிக்கிறீங்கள்? நேற்றுத் திறக்கேக்க உங்கட உள்ளங்கை அப்பிடியே கதவில இருந்தது.

நசீறா: குளிர். பலகை இளஞ்சூடா இருந்துது.

அருளம்மா: கதவில குளிர் காயுற ஆளை இப்பதான் காணுறன்.

நசீறா: என்ர வீட்டில கதவு இருந்தா அங்கயே காய்வன். தகரம் தந்தவங்க, சீமெந்து தந்தவங்க. கதவுக்கு வரேக்க வீட்டுத்திட்டம் முடிஞ்சுபோச்சாம். சீலைதான் கட்டிக்கிடக்கு. மன்னார்க் காத்து அதை எங்க விடுது... ஒழுங்கையால போறவனுக்கு என்ர அடுப்பு தெரியும்.

அருளம்மா: பயமில்லையோ?

நசீறா: முதல் ரெண்டு மாசம் உக்காந்தபடிதான் நித்திரை. இப்ப பழகிட்டு... பொறுங்கோ, சைக்கிள் மணி.

கொன்ஸ்ரன்ரைன்: ஆரது, அருளம்மாவோ?

அருளம்மா: ஓம் தலைவர். கழுதையில்ல, நாங்கள்தான்.

கொன்ஸ்ரன்ரைன்: பகிடி விடாதையுங்கோ. மாதா கோயில் பூசைக்குப் போறன், போற வழியில சொல்லிப்போட்டுப் போவம் எண்டு... கள்ளன் ஒராள் இல்ல. ரெண்டு பேர்.

நசீறா: ரெண்டோ?

கொன்ஸ்ரன்ரைன்: மணலில காலடி பாத்தனான், தங்கச்சி. ஒரு செருப்புக் கால் உங்கட வேலியடிக்கு வந்து திரும்பியிருக்கு. ஒரு வெறுங்கால் உங்கட வேலியடியில இருந்து ஸரீனாட வீட்டுக்குப் போயிருக்கு. நல்ல ஆழம். பாரம் தூக்கின கால்.

அருளம்மா: வெறுங்காலோ... அது எப்பிடி...

கொன்ஸ்ரன்ரைன்: அதைத்தான் நானும் கேக்கிறன். உங்கட அம்மி இப்ப ஸரீனாட வாசலில. ஸரீனாட குடத்தைக் காணேல்ல.

நசீறா: அண்ணை, எடுத்தாக் களவு. குடுத்தா அதுக்கு என்ன பேர்?

கொன்ஸ்ரன்ரைன்: நோட்டம். இண்டைக்கு அம்மி வைப்பான், நாளைக்குத் தண்ணி மோட்டரைக் கழட்டுவான். குடுத்த குடத்தைத் திரும்ப எடுத்தது களவில்லையோ? எனக்கு ஆளைத் தெரியும். பழைய இரும்பு எடுக்க வாற ரொபின்சன். அவனிட்ட வண்டிலும் இருக்கு.

அருளம்மா: ரொபின்சனோ? அந்த மனிசன் ஒரு ஈ எறும்புக்கும்...

கொன்ஸ்ரன்ரைன்: நீங்களும் அவனும் ஒரே காம்பில இருந்த பாசம். பின்னேரம் பொலிஸ் வரும், பிடிச்சுக் குடுப்பம். அதோட வீடு வீடா உள்ளுக்குப் போய்ப் பாப்பம், ஆர்ர சாமான் ஆர் வீட்டில கிடக்கெண்டு.

அருளம்மா: எல்லா வீடுமோ?

கொன்ஸ்ரன்ரைன்: எல்லா வீடும். என்ர வீடு, உங்கட வீடு, வித்தியாசமில்ல. வாறன், மணி அடிக்குது.

நசீறா: பாத்துப் போங்கோ அண்ணை. வளைவில கழுதை படுத்திருக்கு.

அருளம்மா: நீங்கள் சுபஹ் தொழப் போகேல்லையோ? நேரம் போகுது.

நசீறா: போகோணும்.

அருளம்மா: போட்டு ஆறுதலா வாங்கோ. இந்தக் கிழமை உங்கட தொழுகையும் நீண்டுபோச்சு.

நசீறா: கேக்கிறதுக்கு நிறைய இருக்கு, அதுதான்.

அருளம்மா: ...இல்ல. இருங்கோ. போகாதையுங்கோ. ரொபின்சனைப் பிடிச்சுக் குடுக்க விடேலாது. அவன் ஒண்டும் செய்யேல்ல.

நசீறா: எப்பிடித் தெரியும்?

அருளம்மா: தெரியும். நசீறா... பொலிஸுக்குச் சொல்ல முதல் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அந்தச் செருப்புக் கால்...

நசீறா: பொறுங்கோ. நான் முதல்ல சொல்லுறன். அந்த வெறுங்கால் என்ர.

அருளம்மா: என்ன?

நசீறா: அந்த அம்மி என்ர இல்ல. என்ர அம்மிக்கு ஒரு மூலை உடைஞ்சிருக்கும். இது ஸரீனாட உம்மாட. குடம்தான் என்ர, உம்மா கலியாணத்துக்குத் தந்தது. கொண்டுவந்த ஆளுக்கு வீடு மாறிப்போச்சு. அம்மியைத் தூக்கிக்கொண்டு போய் அங்க வச்சிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வந்தனான். இடுப்புச் சும்மா பிடிக்கேல்ல.

அருளம்மா: ...வீடு மாறிப்போச்சோ...

நசீறா: பாவம், அந்த ஆளில பிழையில்ல. தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் சனத்தைக் கலைச்சு எங்களை வள்ளத்தில ஏத்தி அனுப்பேக்க, அந்த ஆள் தலைமன்னாரில கலியாணம் முடிச்சு இருந்தது. இந்த உப்புக்குளத்தில ஆர்ர அம்மி எதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?

அருளம்மா: எப்ப இருந்து... தெரியும்?

நசீறா: முதல் நாளில இருந்து. தொழுது முடிச்சாலும் பாயை விட்டு எழும்ப மாட்டன். செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்து, திரும்பிப் போகுமட்டும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பன்.

அருளம்மா: ஏன் ஒண்டும் கேக்கேல்ல?

நசீறா: கேட்டா நீங்க அழுவீங்க. பிறகு நானும் அழுவன். ஆர் காவல் நிக்கிறது?

அருளம்மா: நீங்கள் விட்டிட்டுப் போன சாமானை அண்ணன் சேத்து வச்சவர். பாதுகாத்துத் தரவோ, விக்கவோ... எனக்குத் தெரியாது. கேக்க ஆளும் இல்ல. அறையைத் திறந்த கையோட திரும்பப் பூட்டிப்போட்டன். வெளிய சொன்னா, வந்த வருசத்திலயே கள்ளன்ர தங்கச்சி எண்டு பேர். அந்தப் பயம்தான். வேற ஒண்டுமில்ல.

நசீறா: அவரை மன்னிச்சீங்களோ எண்டு மட்டும் கேக்காதீங்கோ. அதுக்கு எனக்கு இன்னும் மனசு வரேல்ல.

அருளம்மா: கேக்க மாட்டன்... இப்ப பின்னறை வெறுமை, நசீறா. பலகை, குடம், அம்மி எல்லாம் போய்ச் சேந்திட்டுது. பூசை முடிய கொன்ஸ்ரன்ரைன் அண்ணையிட்ட நானே சொல்லுறன். பேர் கெட்டாக் கெடட்டும், ரொபின்சன் தப்பட்டும். இந்தக் களவு இண்டையோட முடிஞ்சுது.

நசீறா: முடியேல்ல அக்கா.

அருளம்மா: என்ன முடியேல்ல? ஒரு கரண்டி மிச்சமில்ல. மூலை மூலையாத் தேடினனான்.

நசீறா: பின்னறையைத்தான் தேடினீங்க. முன்னுக்குப் பாக்கேல்ல... உங்கட வாசல் கதவில, கீழ வலப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். எங்கட பழைய வீட்டில, ஆடு வெளிய ஓடாமல் வாப்பா கட்டை அடிக்கேக்க உளி வழுக்கின வெட்டு. ஒவ்வொரு விடியவும் உங்களை எழுப்ப வந்து, நான் வெளிய நிண்டு என்ர கதவைத்தான் தட்டினனான். ...அழாதீங்கோ. பொழுது நல்லா ஏறட்டும், அண்ணை பூசையால வரட்டும், ஒழுங்கை முழுக்கப் பாக்கட்டும். முதிரைக் கதவு அது, தனிய ஒராளால தூக்கேலாது. ஒரு பக்கம் நீங்க பிடிங்கோ, மற்றப் பக்கம் நான். இரவைக்கு உங்கட வாசல் திறந்து கிடக்குமெண்டு யோசிக்காதீங்கோ, என்ர வீட்டில வந்து படுங்கோ. அங்க கதவிருக்கு.