கூடுதலாக ஒரு ரேம்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் முதல் வேலை தூசி தட்டுவதுதான். நிறையப் பேர் நேராக ஸ்க்ரூவில் கை வைப்பார்கள். நான் அதற்கென்றே ஒரு பெயின்ட் பிரஷ் வைத்திருக்கிறேன். உன் அம்மாவின் கம்ப்யூட்டரையும் அன்று பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஃபேன் இறக்கை இடுக்கு வரைக்கும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தேன். ஏனோதானோவென்று வேலை பார்க்கிற ஆள் இல்லை உன் மாமா. அதனால்தான், நீ அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் காட்டிய ரிப்பேர் கடைக்காரர் சொன்னதாக நீ சொன்ன வார்த்தை எனக்கு உறுத்துகிறது. "யாரோ விவரம் தெரியாம ரேமைப் போட்டுருக்காங்க" என்றாராம். ஒன்றை உருவினாராம், உடனே அம்மா குரல் கேட்டதாம். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் விவரம் தெரியாமல் போடவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவுக்கு நரம்பெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டு வருகிறது, கை கால் போய் நாக்கும் போய்விடும் என்று டாக்டர் சொன்னபோது நீ ஃபோனில் அழுதாய். அவள் அழவில்லை. "அதுக்குள்ள பேச வேண்டியதை எல்லாம் பேசிடுறேன், மெஷின் ஏதாவது இருக்கான்னு பாருடா" என்றாள். நான் ஒரு புரோகிராமைத் தேடிப் பிடித்தேன். திரையில் சொற்கள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டிய சொல் வரும்போது விரலுக்கடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால், முன்பே பதிவு செய்துவைத்த குரல் அதைச் சொல்லும். அந்தப் புரோகிராம் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னபோது நான் சொன்ன இந்தக் காரணம் பொய்யில்லை.

மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தண்ணி. முதுகு. அரிக்குது. ஃபேனைக் குறை. அதோடு விட்டாளா? உளறாதே. அறிவு இருக்கா. போடா லூசு. திட்டெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "திட்டாம உன்னோட எப்படிடா குடித்தனம் பண்றது?" என்றாள். "பாவம்" என்ற சொல்லைப் பதியும்போது நான் எதிரே நின்று முகத்தைக் கோணிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். திரும்பப் பதியலாம் என்றேன். இருக்கட்டும் என்றாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

அப்புறம் நாக்கு போனது. விரல் நுனி ஒன்று மட்டும் மிச்சம். அந்த நுனியை வைத்துக்கொண்டு என்னை நாள் முழுக்கத் திட்டினாள். நீ கல்யாணமாகிப் போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே. குளிப்பாட்டுவேன், பிசைந்து ஊட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன். என் கம்ப்யூட்டர் கடையைக்கூட மூடிவிட்டு வீட்டிலேயே ரிப்பேர் வேலை பார்த்தேன். மனசார சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று முதலில் சொன்னது நீதான். "மாமா, அதைக் கொஞ்சம் அப்கிரேட் பண்ணுங்களேன், அம்மா ஒரு வரி சொல்றதுக்குள்ள எனக்கு உயிர் போகுது" என்றாய். உன்மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை உட்கார்ந்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டு, அவள் பார்க்கும்படிதான் வேலை செய்தேன். பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். பதிவு செய்த சொல் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்டேன், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மெஷின் பறந்தது. பட்டனை விரலடியில் வைத்தேன். "பரவாயில்லையே" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பிறகு சொன்னாள். நாளைக்கு. மக. ஃபோன். பண்ணுவா. அவகிட்ட. போறேன். நான் ஏதோ தப்பாகச் சொல்லைத் தேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை. மறுபடி அதையே சொன்னாள். நீ. கல்யாணம். பண்ணலை. ஒண்ணும். பண்ணலை. என்னால. கடைசியில் ஒரு சொல் வந்தது. பாவம்.

சிரித்துக்கொண்டே வந்தது. அது அப்படித்தான் பதிவாகியிருந்தது, அவள் சிரிக்கவில்லை, அவள் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்தேன். தெரிந்தும் வலித்தது. இத்தனை வருஷம் நான் செய்ததையெல்லாம் ஒரு சிரிப்பில் தள்ளிவிட்டுக் கிளம்புகிறாள் என்றுதான் காதில் விழுந்தது. அவள் போன பிறகு இந்த வீட்டில் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருந்தது.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி மூடியைக் கழற்றினேன். அலமாரியிலிருந்து ரேம் என்கிற மெமரி அட்டையை எடுத்து, இருந்ததோடு கூடுதலாக ஒன்று செருகினேன். நல்ல சரக்கு. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து சிஸ்டத்துக்கு ரேம் அளவுக்கு மீறிப் போனால் திணறிவிடும். அதிகமாக இருந்தும் மெமரி போதவில்லை என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். கூடுதலானதை உருவினால் சரியாகிவிடும். உருவ ஒரு நிமிஷம் போதும்.

அந்த வரி வந்தது. நான் மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் பண்ணினாய். மெஷின் படுத்துவிட்டது, பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்றேன். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன மாமா கவலை" என்றாய். நானே அந்தத் தொழில்காரன் என்பதால் வேறு ஆளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. ரிசீவரை அவள் காதில் வைத்துவிட்டு, அவளுக்காக நானே பதில் சொன்னேன். எல்லாம் அவள் சொல்லக்கூடியதாகத்தான் சொன்னேன். உன்னைத் திட்டக்கூடத் திட்டினேன். நீ சிரித்தாய்.

பிறகு நீ நேரில் வந்தாய். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "என்கூட வந்துடுறியாம்மா?" என்று கேட்டாய். அவள் விரல் போர்வையைத் தட்டத் தொடங்கியது. பட்டன் இருந்த இடத்தில், விடாமல். நீ என்னைப் பார்த்து, "என்ன மாமா சொல்றா?" என்றாய்.

"வேண்டாங்கிறா. விரல் அப்படித் தட்டினா வேண்டாம்னு அர்த்தம்" என்றேன்.

நீ நம்பினாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா, சரி, உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போகலை" என்று அழுதாய். நீ பிடித்ததும் விரல் நின்றது. அதற்குப் பிறகு அந்த விரல் அதிகம் அசையவில்லை. டாக்டர் அது நோயின் போக்கு என்றார்.

கடைசி வரைக்கும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. நர்ஸே ஆச்சரியப்பட்டாள். முதுகு அரிக்குதா என்று நானே கேட்பேன், நானே சொறிந்துவிடுவேன். போடா லூசு என்று நானே சொல்லிக்கொள்வேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடை வைத்திருந்த காலத்தில் ஒரு கஸ்டமர், பழைய மெஷினில் ரேமை அள்ளிப் போட்டுவிட்டு, "போதலைங்குது சார், இன்னும் போடுங்க" என்று வந்து நின்றார். அந்தக் கதையை வீட்டில் வந்து சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், புரையேறிவிட்டது, நான்தான் தலையில் தட்டினேன். எதற்கு அப்படி ஆகிறது என்று கேட்டு நன்றாகத் தெரிந்துகொண்டாள். அதனால் அன்று அந்த வரி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். அவள் வரியைப் படித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். பட்டனை அழுத்தினாள். மெஷினிலிருந்து குரல் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். நான் பட்டனை எடுத்து மேசை டிராயரில் வைத்தேன்.

கம்ப்யூட்டர் உன்னிடமே இருக்கட்டும். உன் அம்மா குரல் அதில் பத்திரமாக இருக்கிறது, ஒரு சொல்கூட அழியவில்லை. அதை நீ எல்லோரிடமும் சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. கூடுதலாக ஒன்று போட்டேன், அவ்வளவுதான்.