சும்மா கட்டில்

நெறிமுறைக் குழுவினர் நீங்கள் மூவரும் வந்து உட்கார்ந்ததிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவர்கூட ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. தலைவர் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார். ஓரத்தில் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து இப்போது நாற்காலிக் கையின் மேல் பாதி படுத்தேவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. உடம்பு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் உடம்பு நம்மைக் கேட்காமலே நகர்ந்துகொள்ளும். நகர முடியாதவர்களை யாராவது நகர்த்திவிட வேண்டும். செவிலியர் படிப்பில் என் முனைவர் பட்ட ஆய்வு மொத்தமும் அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாய் என்று என் கணவர் இன்னும் கிண்டல் செய்கிறார்.

என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். ஆய்வேட்டை வெளியிலிருந்து மதிப்பிட்டவருக்குச் சந்தேகம். முதல் பாதியில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை, இரண்டாம் பாதியில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நான் வீட்டில் உட்கார்ந்து எண்களை இட்டுக்கட்டிவிட்டேன் என்று நினைக்கிறார். நீங்களும் காலையிலிருந்து அதையேதான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பட்டம் போகும், வேலை போகும், அத்தோடு தலை முழுகியிருக்கலாம். ஆனால் அது பொய். எண்களில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. நான் அளந்த புண்களெல்லாம் மனிதர்கள் உடம்பில் இருந்தவை.

எங்கே தவறியது என்று புரிய வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அது பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர்களின் வார்டு. ஆய்வில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் சீட்டுக் குலுக்கி எடுப்போம். பாதிப் பேருக்கு நான் செய்து வாங்கிய சாய்வுத் தலையணையை முதுகுக்கு அண்டைகொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். மறுபாதிக்கு வார்டில் வழக்கமாகச் செய்வது மட்டும்: காலையில் உடம்பு துடைக்கும்போது ஒரு திருப்பல், மாலையில் விரிப்பு மாற்றும்போது ஒரு திருப்பல். ஆய்வில் அதற்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். வார்டுப் பெண்கள் அவர்கள் பாஷையில் ‘சாயுற கட்டில்’, ‘சும்மா கட்டில்’ என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

அனுமதி கொடுத்தபோது நீங்கள் ஒரு நிபந்தனை போட்டீர்கள். சும்மா கட்டிலில் இருப்பவரின் தோலில் சிவப்பு கண்டு, விரலால் அழுத்தியும் அது வெளுக்காவிட்டால், அந்த நிமிஷமே ஆய்வை ஓரங்கட்டிவிட்டு அவருக்கும் தலையணை கொடுத்துத் திருப்பிவிட வேண்டும். நியாயமான நிபந்தனை. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

சிக்கல் வார்டுப் பெண்களின் நல்ல மனசால் வந்தது. சாயுற கட்டிலில் பக்கத்து நோயாளி சுகமாக இருப்பதைப் பார்த்ததும் அவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தலையணை இல்லாவிட்டால் என்ன, பழைய போர்வையைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்தார்கள். போகிற போக்கில் சும்மா கட்டில்காரர்களையும் திருப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வார்டு முழுக்க ஒருவர் முதுகிலும் புண் இல்லை. இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான், அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ என் ஆய்வு போயிற்றே என்றுதான் பட்டது.

என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய் நின்றேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

“ரெண்டு குழுவும் ஒண்ணாக் கலந்துடுச்சும்மா. வித்தியாசம் வரலைன்னா ஆய்வு எங்க இருக்கு? எல்லாரையும் நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு சர்ட்டிஃபிகேட்டா குடுப்பாங்க? இதுக்கு மேல காலநீட்டிப்பும் கிடையாது, பாத்துக்கோ.”

அவர் தவறாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள். பாத்துக்கோ என்றார், நான் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வார்டுக்குப் போய்ச் சும்மா கட்டில்களிலிருந்து சுருட்டிய போர்வைகளை ஒவ்வொன்றாக உருவினேன். மடித்து அலமாரியில் வைத்தேன். ஒரு முதியவர், போர்வையை எடுத்தபோது, நன்றாகப் போட்டுவிடத்தான் எடுக்கிறேன் என்று நினைத்து எனக்கு வாகாக உடம்பைத் தூக்கப் பார்த்தார். வார்டின் தலைமைச் செவிலியை எல்லோரும் பெரியக்கா என்போம். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நல்லது செய்யறவங்க கையைக் கட்டிப்போடறதுதான் நீ படிக்கிற படிப்பா?”

“அனுமதி வாங்கித்தான் செய்யறேன் பெரியக்கா. இவங்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்தான்னு போட்டிருக்கு.”

“வழக்கத்தை நாங்க மாத்திக்கிட்டோம்னு வச்சுக்கயேன்.”

“ஆய்வு முடியட்டும், எல்லாரையும் திருப்புங்க. நானே வந்து கூட நிக்கிறேன்.”

அவர் முனகிக்கொண்டே போனார். படித்தவள் சொல்கிறாள், மேலிடத்து அனுமதி இருக்கிறது, அவரால் வேறு என்ன செய்ய முடியும்? இன்றைக்கும் நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

இப்போது தையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் எதிரே இருக்கும் பக்கங்களில் அவர் வெறும் எண்தான். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாய் ஒருபக்கம் கோணிவிட்டது, ஆனால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரே மகள். தாய் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். சீட்டு எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றாள்.

“அந்தச் சாயுற தலகாணி எங்கப்பாவுக்கு விழுமா அக்கா?”

“சீட்டுல என்ன வருதோ அதாம்மா.”

சும்மா கட்டில் வந்தது. தையல்காரர் கோணிய வாயால் சிரித்தார். “சும்மா கட்டிலா? நான் என்ன வேலவெட்டி இல்லாதவனா?” என்றார். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். சீக்கிரமே நடக்கவைக்கும் பயிற்சி ஆரம்பிக்கலாம், பிறகு வீட்டுக்கே கூட்டிப்போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அதற்காகவே காத்திருந்தாள். வீட்டில் கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

அவள் கெட்டிக்காரி. பக்கத்துக் கட்டிலில் நர்ஸுகள் செய்வதைக் கண்கொட்டாமல் பார்த்து, தானே கற்றுக்கொண்டாள். முழங்காலை மடித்து, இடுப்பிலும் தோளிலும் கைகொடுத்து, அப்பாவைத் தன் பக்கமாகப் புரட்டுவாள். தன் துப்பட்டாவைச் சுருட்டி முதுகுக்குக் கொடுப்பாள். நான் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கும்போதுகூட இவ்வளவு பக்குவமாகச் செய்தவர்கள் குறைவு. அவர் முதுகைப் பரிசோதித்துப் பார்த்தேன், குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது. போர்வைகளை உருவியாயிற்று, நர்ஸுகளை நிறுத்தியாயிற்று, இவளை என்ன செய்வது என்று அங்கேயே நின்று யோசித்தேன்.

மதியம் நோயாளிகள் தூங்கும் நேரமாகப் பார்த்து அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

“இதெல்லாம் நீ செய்யாதம்மா. முறையாப் பழகாதவங்க இழுத்தா விரிப்புல உரசி தோல் உரிஞ்சுடும். அப்புறம் அதுவே புண்ணாயிடும்.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா. இத்தன நாளு இழுத்துட்டேனே” என்றாள்.

“பரவால்ல, இனிமே தொடாத. நாங்க பாத்துக்கறோம்.”

நான் சொன்னதில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாறுமாறாக இழுத்தால் தோல் உரியத்தான் செய்யும், எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவள் தாறுமாறாக இழுக்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை நீங்க சொன்னீங்க” என்றாள். அதன் பிறகு அப்பா எத்தனை முனகினாலும் தொடவில்லை. கட்டில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “தொடக் கூடாதுப்பா, அக்கா சொல்லியிருக்காங்க” என்று அவரைச் சமாதானப்படுத்துவாள்.

சிவப்பு, இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தில் வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். வெளுக்கவில்லை. அந்த இடம் கொஞ்சம் சூடாகவும் இருந்தது. அப்போதே தலையணையைக் கொடுத்துத் திருப்பியிருந்தால் சில நாளில் தடம் தெரியாமல் மறைந்திருக்கும். இது எனக்குத் தெரியும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். ஆனால் என் ஆய்வில் தோல் கிழிந்தால்தான் புண் என்று கணக்கு. சிவப்பு கணக்கில் வராது. விரிப்பை இழுத்து மூடினேன்.

“எல்லாம் சரியா இருக்காக்கா?” என்று மகள் கேட்டாள்.

“நல்லா இருக்காரும்மா” என்றேன், வாய் கூசாமல்.

அதன் பிறகு தினமும் போய்ப் பார்த்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் என்னைக் கண்காணிக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் விரிப்பைத் தூக்கினேன், பார்த்தேன், மூடினேன். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் முதுகில் ஒரு கீறல் விழவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான். அந்தப் பெருமையில்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். நாளைக்கு முதல் வேலையாகத் திருப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படுப்பேன். மறுநாள் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன்.

தோல் கிழிந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அளந்தேன், குறித்தேன், உடனே அவரைத் திருப்பினேன். என்னுடைய தலையணையையே கொடுத்தேன். மருந்து வைத்துக் கட்டினேன், பெரியக்கா வியக்கும் அளவுக்குக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். மேலே காசளவு தெரிந்தது, உள்ளே குடைந்துகொண்டு போயிருந்தது. காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் நஞ்சு பரவியது. சும்மா கட்டில்களில் மற்றவர்களுக்கு வந்த புண்கள் ஆறிவிட்டன. தையல்காரருக்கு ஆறவில்லை. வீட்டுக்குப் போகாமலே இறந்துபோனார்.

உடலை எடுத்துப் போகும் முன் மகள் என்னிடம் வந்தாள். அழக்கூட இல்லை.

“நான் இழுத்தனே அக்கா, அதனாலதான? ஆரம்பத்துல இழுத்தேனே.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். “விடும்மா, நீ வேணும்னா செஞ்ச?” என்றேன். அவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். என் தோளில் சாய்ந்துகொண்டுதான் அழுதாள்.

போன மாதம் அவள் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. அப்பாவின் மெஷினில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து பாதியாகிவிட்டிருந்தாள். “துணி தைக்கவாக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வேண்டும் என்றேன். அவள் நாடாவை எடுத்து என்னை அளந்தாள். “கொஞ்சம் திரும்புங்கக்கா” என்று தோளில் கைவைத்து, நோகாமல் என்னைத் திருப்பினாள். அளந்துகொண்டே சொன்னாள்: “ராத்திரில கண்ண மூடினா அப்பாவப் பொரட்டற மாதிரியே இருக்கு. இந்தக் கையாலதானன்னு தோணுது. நீங்க ஒருத்தர்தான் என்னத் திட்டல.” கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

இவ்வளவுதான். எண்கள் உண்மை, புண்கள் உண்மை, அவற்றை வரவைத்தது நான். தையல்காரரைக் கொன்றதும் நான்தான். பூசி மெழுக ஒன்றும் இல்லை. பட்டத்தை மறுத்துவிடுங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள், எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள், இதையும் கேட்டால் தாங்கமாட்டாள்.