சுவருக்கு வைத்த பொட்டு

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பஸ் நோர்வூட்டைத் தாண்டியதும் முன் சீட்டில் ஒரு பெண் உரக்கச் சொன்னாள்: "செவுத்துக்குப் பொட்டு வச்சேன். எங்க லயத்து வரிசை வீட்டுச் சனமே பொழச்சுச்சு!"

"எப்படி மதினி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒரு மாசமா தரை ஆடுச்சுல்ல. செவுத்து வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் குங்குமம் வச்சேன். ஆடுறப்பல்லாம் இடைவெளியை விரலால அளந்தேன். ஒரு விரல் நாலு விரலாச்சு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, 'ஏய், செவுத்துக்குக் கல்யாணமா?'ன்னு சிரிச்சாரு. நான் விடல. எல்லாரையும் சட்டிபானையோட கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிட்டேன். மறுநாளே லயம் சரிஞ்சிருச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல!"

"கணக்கப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"நேத்து கோயில் வாசல்ல வந்து நின்னாரு. 'அக்கா, எங்க வீட்டுச் செவுத்துக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்க'ன்னாரு."