வீடியோல இருக்கு, என் கம்ப்யூட்டர்ல இல்ல

அந்த கோர்ஸா? அவசரப்பட்டு சேந்துடாதம்மா, சொல்றேன் கேளு. டீ குடிக்கிற காசுக்கு, கம்பெனிக் கணக்கப் படமாக் காட்டற டேஷ்போர்டு போடக் கத்துக்கலாம்னு எனக்கும் இப்படித்தான் போன்ல விளம்பரம் வந்துச்சு. நானும் வாயப் பொளந்துக்கிட்டுப் போய் விழுந்தேன்.

சேச்சே, ஏமாத்து வேலைன்னு சொல்லல. சொல்லிக் குடுக்கற ஆளு நல்லாத்தான் பேசறான். ஆனா வீடியோ எந்தக் காலத்துல எடுத்ததோ! மேல இருக்கற மஞ்சப் பட்டன அமுக்குங்கறான். நானும் தேடறேன், தேடறேன், என் கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு பட்டனே இல்ல. சந்தேகம் எழுதிப் போட்டா, நல்ல கேள்வின்னு பதில் வருது. அவ்ளோதான் பதிலே!

அதுல பழகக் குடுக்கற கணக்கு ஒரு சைக்கிள் கடையோடது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. எங்க கம்பெனி கணக்கப் பாத்தா அவன் மயக்கம் போட்டுடுவான். டைல்ஸ் கம்பெனிம்மா, ஏகப்பட்ட கிளை. ஒரே கடைப் பேர ஆளுக்கொரு மாதிரி டைப் அடிச்சிருப்பாங்க. தேதி போட வேண்டிய கட்டத்துல லாரி வரலன்னு இருக்கும். அத எப்படிச் சரி பண்றதுன்னு எந்த வீடியோலயும் இல்ல. நானா மண்டைய ஒடச்சிக்கிட்டேன்.

எதுக்குக் கத்துக்கிட்டேனா? எங்க மேனேஜர் தொல்லைதான். இனிமே எல்லாம் டேஷ்போர்டுதான், தெரியாதவங்க வேற எடம் பாத்துக்கலாம்னுட்டாரு.

முடிச்சேனே, டேஷ்போர்டும் போட்டேனே! மேப்புல ஒவ்வொரு கடைக்கும் ஒரு வட்டம். லாபம்னா பச்ச, நஷ்டம்னா சிவப்பு. மீட்டிங்ல பெருசா போட்டுக் காட்டுனதும் மொதலாளி எந்திரிச்சே நின்னுட்டாரு. ஒரே கைதட்டல். மேப்பு பூரா பச்ச, ஓரத்துல ஒண்ணே ஒண்ணு சிவப்பு. அது என்னன்னு கேட்டாரு.

அந்தக் கடை வாசல்ல ரோட்டத் தோண்டிப் போட்டு மூடவே இல்லம்மா. வண்டியே நிறுத்த முடியாது, யாரு வந்து டைல்ஸ் வாங்குவா? அத வட்டத்துக்குள்ள எங்கன்னு எழுதறது? வாயால சொல்லலாம்னு எந்திரிச்சேன். வட்டமே எல்லாம் சொல்லிடுச்சே, நீங்க உக்காருங்கன்னு மேனேஜர் சிரிக்கறாரு. அந்த மாசமே ஷட்டர எறக்கிட்டாங்க.

எனக்கா? எனக்கு வேலை போகலயே. கூப்பிட்டுப் பாராட்டி, தனி டேபிள் போட்டுக் குடுத்திருக்காங்க.

ஐயோ, நான் இன்டர்வியூக்கு வரலம்மா, துணைக்கு வந்தவ. இப்ப உள்ள கூப்பிட்டாங்களே, நீலச் சட்ட, அவர் எங்க வீட்டுக்காரர். அந்தச் சிவப்பு வட்டக் கடைய நடத்திக்கிட்டிருந்தது அவர்தான். இங்கயும் டேஷ்போர்டு தெரியுமான்னு கேப்பாங்களாம். பஸ்ல வர்ற வழியெல்லாம் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தேன். தலைய ஆட்டிக்கிட்டே வந்தாரு.