ஐஸ் பொட்டி பாட்டு

இல்ல சார், போனுல பாட்ட நிறுத்தாதீங்க, ஓடட்டும். நடுவுல உர்ருனு ஒரு சத்தம் வருது பாருங்க, அது கிடாரு இல்ல. என் ஐஸ் பொட்டியோட கம்ப்ரஸரு. நெசமாத்தான். முதுநகர்ல, எழவு வீட்டுங்களுக்கு ஐஸ் பொட்டி வாடகைக்கு வுடுறவன் நானு. பேரு தங்கராசு.

போன வருசம் சிதம்பரத்துலேர்ந்து நாலு பசங்க வந்தானுவ. ராக் பேண்டாம். பக்கெட்டு, தகர டின்னு, எதக் கண்டாலும் தட்டுவானுவ. இளவரசுன்னு ஒருத்தன், அவந்தான் பாடுறவன், பொட்டி ஓடுற சத்தம் வேணும்னான். காலியாத்தான கெடக்குது, புடிச்சிக்கோன்னுட்டேன். இப்புடிப் பாட்டு கட்டுவானுவன்னு எனக்கு எப்டித் தெரியும்? பாட்டுல பொணம் பொட்டிக்குள்ள படுத்துக்கினு, எல்லாருக்கும் டீ குடுக்குறீங்களே, எனக்கு எங்கடான்னு கேக்குது.

நீங்களும் சிரிக்கிறீங்க. ஊரே அப்டித்தான். எழவு வீட்டுல பொட்டிய எறக்குனா, அழுதுகினு இருக்குறவங்க என் மூஞ்சியப் பாத்து வாயப் பொத்திக்கிறாங்க. ஒரு வீட்டுல செத்தவரோட மருமவனே, உள்ளாற ஒரு டீய வைய்யிங்கன்னுட்டான். எனக்கு மானம் போச்சி. பசங்கள நாலு அறை வுடணும்னு கெளம்பிட்டேன். என் வீட்டுக்காரி தமிழ்ச்செல்வி, நீ கைய நீட்டிடுவ, நானும் வரேன்னு கூடவே பஸ் ஏறிட்டா.

சிதம்பரத்துல ஒரு மண்டபத்துல பசங்க அந்தப் பாட்டத்தான் பாடிகினு இருக்கானுவ. நான் மேடைக்கிப் போவ வழி பாத்துகினு இருக்கேன், இவ சிரிக்கிறா சார். முந்தானைய வாயில வெச்சிக்கினு, கண்ணுல தண்ணி கொட்டுது. இருவத்தாறு வருசத்துல அவ அப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல. முடிஞ்சதும் நேராப் போயி அந்த இளவரசுகிட்ட, இன்னொரு வாட்டி பாடுப்பான்றா. அப்புறம் நான் எங்க அறையிறது? ரெண்டாந்தரமும் ஒக்காந்து கேட்டேன். அதுலேர்ந்து வீட்டுல தோசை திருப்புனாலும் அதான், துணி தொவச்சாலும் அதான். நான் திட்டத் திட்ட ஜாஸ்தியாத்தான் பாடுவா.

இப்ப இந்த பஸ்ஸுல எங்கயா? அந்தப் பசங்களப் பாக்கத்தான் போறேன். ச்சே, சண்டைக்கி இல்ல. நாளான்னிக்கி வீட்டுல ஒரு காரியம், வந்து பாடிட்டுப் போங்கடான்னு கூப்புடணும்.

கருமாதிதான். அவளுதுதான் சார். நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல.

பாட்டு விசயத்த அவ அண்ணன்மாருங்களுக்கு இன்னும் சொல்லல. பாட்டு எடுத்ததும் என்னய அடிக்க வந்தாலும் வருவானுவ. வரட்டும். முழுசா ஒரு தரம் கேட்டுட்டு அடிக்கட்டும்.